அறுபத்தொன்றாவது பெயர்

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் நிறைந்திருக்கும். ஆலயத்தில் ஆராதனை முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருக்கிற நேரத்தில் இதைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். முதலில் படங்களைப் பார்ப்பீர்கள். யார் படம் வந்திருக்கிறது, யார் படம் விட்டுப்போயிற்று என்று தேடுவீர்கள். நானும் அப்படித்தான். நினைவு மலரில் கட்டுரையை யாரும் பெரும்பாலும் வாசிப்பதில்லை. இதை மட்டும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எழுதச் சொன்னது அக்காவின் மகன். குவைத்திலிருந்து போனில் கேட்டான். "சித்தி, நீங்கதான் எழுதணும். ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரும் வேலை பாத்தவங்கல்லா."

"வேற யாரையாவது எழுதச் சொல்லு மக்கா" என்றேன்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதினா போதும் சித்தி."

நல்லதை எழுதுவதற்கு என்ன, அக்காவைப் பற்றி நாற்பது பக்கம் எழுதலாம். அவனுக்கும் தெரியாத ஒன்று மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை, சேர்த்து எழுதத் தைரியமும் வரவில்லை. மூன்று மாதம் இழுத்தடித்தேன். அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, தக்கலைக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. அந்த மாதங்களில் அம்மாவின் கூலியில்தான் அடுப்பு எரியும். அம்மா அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். பெயரில்தான் ஆபீஸ். கொட்டையின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையால் சோறு பிசைந்து தந்தால் எங்களுக்கு ஒன்றும் தோன்றாது. அவளுக்குத்தான் எரியும்.

எங்கள் ஊரில் சபை நடத்திய உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்று இருந்தது. அக்கா அங்கேதான் படித்தார். எட்டு வருடம் கழித்து நானும் அங்கேயே படித்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்த அக்காவுக்கு அதே பள்ளியில் வேலை கிடைத்தபோது, அம்மா ஒரு வாரம் அண்டியாபீசில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். பின்னாட்களில் அக்கா தலைமையாசிரியை ஆனார். மூன்றாவது ஆசிரியை இடம் காலியானபோது எனக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, பூர்த்தி செய்து, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தந்தார். எனக்கு வேலை கிடைத்தது அக்காவால். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை போன கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். கிடைத்த கதையை நான் யாரிடமும் அவ்வளவு சொன்னதில்லை.

உதவிபெறும் பள்ளி என்றால் சம்பளம் சர்க்காருடையது, கட்டடம் சபையுடையது. ஓடு உடைந்தால் சர்க்கார் சபையைக் காட்டும், சபை சர்க்காரைக் காட்டும். மழை இரண்டு பேரையும் கேட்காமல் உள்ளே வரும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் அக்கா பெஞ்சுகளைக் கிழக்குச் சுவரோரம் இழுத்துப் போடச் செய்வார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும். சபைக் கமிட்டிக்கு அக்கா எழுதாத மனு இல்லை. ஒருமுறை ஒரு கமிட்டி அங்கத்தினர், "ஓட்டை மாத்தலாம் டீச்சர், பிள்ளைக எங்க?" என்று கேட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் மார்த்தாண்டத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தன. அக்கா மனுவின் நகலில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று, இதுவரை வாசிக்காத ஒரு பக்கத்தைத் தனியாக வாசிக்க வேண்டும். கோரஸ் கிடையாது. பக்கத்துப் பிள்ளை காதில் சொல்லக் கூடாது. தப்பாக வாசித்தால் திட்டும் இல்லை, அடியும் இல்லை. அக்காவின் நோட்டில் ஒரு சின்னப் புள்ளி விழும், அவ்வளவுதான். புள்ளி விழுந்த பிள்ளை திங்கட்கிழமை முதல் மத்தியானக் கஞ்சிநேரம் முடிந்து கால்மணி நேரம் அக்காவின் மேசையருகில் நிற்கும். புள்ளி அழியும்வரை நிற்கும். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை பேப்பர் வாசிக்க வேண்டும், பஸ்ஸின் போர்டு வாசிக்க வேண்டும், அப்பாவுக்கு வந்த பாங்கு நோட்டீசை வாசித்துச் சொல்ல வேண்டும். தரம், தரம் என்று மேலே பெரிய பெரிய வார்த்தையில் என்னென்னவோ சொல்வார்கள். அக்காவுக்குத் தரம் என்றால் இவ்வளவுதான்.

ஒரு வருடம், எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும் என்று படிவம் வந்தது. அக்கா ஏழு பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினார். விளக்கம் கேட்டு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

"மத்த ஸ்கூல்ல எல்லாம் நூத்துக்கு நூறு. உங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் டீச்சர் இப்படி?" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான். அவருக்கு மேலே இருந்தவர் அவரைக் கேட்டிருப்பார்.

"அவங்க பிள்ளையளுக்குத் தெரியும் போல சார். எங்க பிள்ளையளுக்கு இன்னும் தெரியல்ல. தெரிஞ்ச பொறவு எழுதித் தாறேன்."

"நீங்க எழுதுகது உங்களுக்கே கேடாக்கும்."

"பொய் எழுதினா பிள்ளையளுக்குக் கேடு சார்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அக்காவைத் திட்டினேன். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவர் என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்த ஏழு பேரில் யார் யாரை எந்த மாதத்துக்குள் தேற்றிவிடலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை, ஆகஸ்ட் முதல் தேதி பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயம் செய்வார்கள். எங்களைப் போன்ற தொடக்கப்பள்ளியில் அறுபது வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று இருந்தால் மூன்று. அந்த ஒற்றைப் பிள்ளையில்தான் மூன்றாவது ஆசிரியையின் பிழைப்பு தொங்கும். தலையை எண்ண ஆள் வரும். தலைக்குள் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க அக்காவின் வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது.

அந்த வருடம் பதிவேட்டில் அறுபத்தொன்று இருந்தது. ஆனால் அதில் ஒரு பையன் ஜூன் மாதமே ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை என்பதால் பெயர் மட்டும் எங்களிடம் கிடந்தது. அவனைத் திரும்பக் கூட்டி வர அக்கா அவன் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தார். நான்காம் தடவை, பையனின் அப்பா கதவைத் திறக்கவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு நாள், மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு, அக்கா பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மற்ற ஆசிரியை போய்விட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏட்டி, உனக்க மவள இஞ்ச சேரு. ஒண்ணாங்கிளாஸ். அந்தப் பையனுக்க பேர வெட்டினாலும் அறுபத்தொண்ணு ஆயிரும்."

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. தக்கலையில் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் சேர்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அப்பா துபாயிலிருந்து ஷூ அனுப்பியிருந்தார்.

"அவ இங்கிலீஷ் மீடியத்துல போயிட்டு இருக்காளே அக்கா. இனி எப்படி மாத்த?"

"நீ பாடம் நடத்துத பள்ளிக்கூடத்துல உனக்க பிள்ள படிச்சா என்ன?"

"ஊர்ல யாரு சேக்காவ? நான் மட்டும் என்னத்துக்குச் சேக்கணும்?"

"அப்போ நாம நடத்துகது ஆருக்க பிள்ளையளுக்காக்கும்?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "கதியில்லாதவங்க பிள்ளையளுக்கு" என்றேன்.

அக்கா பேனாவை மூடினார். "அண்டியாபீஸ்காரிக்க பிள்ளையளுக்கு. இல்லியா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எனக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்கு வாய் நீளும். "அந்தப் பையனுக்க பேரு கெடந்துட்டுப் போட்டும் அக்கா. ஒண்ணாந்தேதி கழிஞ்சு வெட்டுங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்பிடித்தான் செய்யாவ" என்றேன்.

"காலத்த மணியடிச்சு பேரு கூப்பிடும்போ அவனுக்காச்சுட்டு ஆரு 'உள்ளேன் டீச்சர்' சொல்லுவா? நீயா?"

அக்கா மறுபடியும் கேட்டார். "கடைசியாட்டு கேக்கேன். உனக்க மவள சேப்பியா, மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, சிவப்பு மையால் அந்தப் பையனின் பெயரின் மேல் கோடு விழுந்தது.

பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். உபரி ஆசிரியர் என்று என்னைக் கணக்கில் எடுத்து, பணி நிரவலில் அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. மூன்று பஸ். காலையில் மகள் எழுவதற்கு முன் நான் இறங்கிவிட வேண்டும். அவளுக்குத் தலைபின்னி வேனில் ஏற்றியது பக்கத்து வீட்டுக்காரர்கள். அவளுடைய பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பள்ளிக்கூட உடுப்பை நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை துவைக்கும்போதுதான்.

கேட்டவர்களிடமெல்லாம் நான் கதை சொன்னேன். அக்கா ஒரு பெயரை வெட்டியதால் என் உள்ளூர் வேலை போயிற்று என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். என் மகளைச் சேர்க்கச் சொல்லி அக்கா இரண்டு தடவை கேட்டதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வருடங்கள் போகப் போக, அப்படி ஒரு பேச்சு நடக்கவேயில்லை என்பது போல எனக்கே ஆகிவிட்டது.

நம் குடும்பத்தில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து நம்மில் ஒருவர் அக்காவைப் பார்த்து, "கூடப்பொறந்தவளுக்க வயித்துல அடிச்சவளுக்குச் சோறு எப்பிடி எறங்குகு?" என்று கேட்டார். யார் என்று எழுதவில்லை. கேட்டவருக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். நான் எதிர்வரிசையில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இலையில் பருப்பு விட்டிருந்தார்கள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, இலையை மூடி எழுந்து போனார். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஏன் அக்கா சொல்லவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சொன்னால் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவின் வேலை போனது உன்னால்தான் என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது விளையாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். இது என் ஊகம்தான். அக்காவிடம் கேட்கவில்லை. அத்தான் தவறியபோது போய் நின்றேன், நான்கு நாள் சமையல் செய்து வைத்தேன். அப்போதும் பேச்செல்லாம் உப்பு, புளி, யார் எப்போது வருகிறார்கள் என்பதோடு சரி.

பள்ளியில் அறுபது பிள்ளைகள் ஐம்பதாயிற்று, முப்பதாயிற்று. அதே சபைக் கமிட்டி நெடுஞ்சாலையோரம் ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கி, அதன் வேனை எங்கள் பள்ளியின் வாசலிலேயே நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றியது. அக்கா ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு பேரும் வாசிப்பார்கள். இரண்டு வருடத்தில் பள்ளியை மூடினார்கள். மேற்குப் பக்கத்து ஓடு மொத்தமாக விழுந்துவிட்டது. இப்போது அங்கே ஆலயத்தின் பந்தல் கம்புகளும் பெரிய சமையல் பாத்திரங்களும் கிடக்கின்றன. இன்று நீங்கள் சாப்பிடப்போகும் சோறு வெந்த பாத்திரமும் அங்கிருந்து எடுத்ததுதான்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்ததை நீங்கள் அறிவீர்கள். மகனுக்கு உடனே விடுப்புக் கிடைக்கவில்லை. நான் போனேன். விடுமுறையில் இருந்த என் மகளும் வந்தாள். அவள் திருவனந்தபுரத்தில் படிக்கிறாள். தக்கலைப் பள்ளியில் அவளுக்கு இரண்டாம் மொழியாக இந்தி எடுத்தோம். எங்கே போனாலும் உதவும் என்றார்கள். நாலு மொழி பேசுவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிக்க வராது. பஸ்ஸின் போர்டை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதைச் சொல்லி நாங்கள் வீட்டில் சிரித்திருக்கிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் குழாய் போட்டிருந்ததால் அக்காவால் பேச முடியாது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். எங்களுக்குத் தமிழில் எழுதுவார். என் மகளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக, 'வாட்டர்', 'ஃபேன்', 'ஸ்லீப்' என்று எழுதுவார். ஏன் தமிழ் படிக்கவில்லை என்று அவளை ஒரு நாளும் கேட்டதில்லை.  வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அக்காவிடம் பேசிவிட வேண்டும், கல்யாண வீட்டில் பேசியவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், மருந்து வாங்க நான் கீழே போயிருந்தேன். வரிசை நீளம். அக்காவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நோட்டை எடுத்து எழுதியிருக்கிறார். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. தமிழில் எழுதிவிட்டார். என் மகளுக்கு வாசிக்க முடியவில்லை. நர்சிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் கேரளத்துக்காரி, அவளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. மகள் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான்கு தடவை கூப்பிட்டாள். போன் பையின் அடியில் சத்தம் குறைத்துக் கிடந்தது. நர்ஸ் டாக்டரைக் கூட்டி வர ஓடினாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள் என்றுதான் சொன்னார்கள்.

மருந்தை வாங்கிக்கொண்டு போனில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். 'அம்மாவைக் கூப்பிடு மக்கா. சீக்கிரம்.' நான் மாடிக்கு ஏறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு நாள் இருந்தார். நினைவு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மகள் கேட்டாள். "பெரியம்மா என்னவாக்கும் எழுதியிருந்தாங்க அம்மா?"

"ஒண்ணுமில்ல மக்கா. ஃபேன் போடச் சொல்லியிருந்தாங்க."

 "ஃபேன் ஓடிட்டுத்தான இருந்து" என்றாள். அதன்பிறகு கேட்கவில்லை. அந்தப் போட்டோ அவள் போனில் இன்னும் இருக்கிறது.

என் வேலையைப் பறித்தது அக்கா அல்ல. அறுபத்தொன்றாவது பெயரைக் கொடுக்க என் கையில் பிள்ளை இருந்தது. நான் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் அக்கா சுமந்த பழி என்னுடையது. அவர் உயிரோடு இருக்கும்போது உங்கள் முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத பாவி நான்.

அக்கா சுகவீனமாக இருந்த நாட்களில் இரத்தம் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுவந்த பெண்கள் சங்கத்தாருக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், ஜெபத்தில் தாங்கிய போதகர் ஐயா அவர்களுக்கும், சவப்பெட்டியைச் சுமந்த அக்காவின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறை வாசகத்தில் ஒரு எழுத்து தப்பியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னதும் அந்த மாணவர்களில் ஒருவர்தான். முன்னொரு காலத்தில் படிவத்தில் அக்கா 'தெரியவில்லை' என்று எழுதிய ஏழு பேரில் அவரும் ஒருவர்.

உங்களிடம் இன்னும் ஒரு உதவி கேட்கிறேன். இந்த மலர் என் மகள் கையிலும் இருக்கும். அவளால் இதை வாசிக்க முடியாது. என்னைத்தான் வாசித்துக் காட்டச் சொல்லுவாள். வாசிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். நான் பாதியைச் சொல்லிப் பழகியவள். இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனாலும் அவளால் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் உங்களில் யாராவது, அவளைத் தனியாக உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் இதை அவளுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கை